ரோட்டு யாருடையது என்று முதலில் கேளுங்கள்

(கண்டிப் பகுதித் தோட்ட வீடமைப்புக் கூட்டுறவுச் சங்கங்களின் தலைவர், செயலாளர்மாருக்கான கூட்டத்தில் எமது நிதியத்தின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)



வீட்டைப் பற்றியும் தண்ணீரைப் பற்றியும் கக்கூஸைப் பற்றியும் நாம் பல கூட்டங்களில் பேசியிருக்கிறோம். இன்றைக்குப் பேச வந்தது பாதையைப் பற்றி. கால்நடையாகப் போகிற பாதை, சைக்கிள் உருட்டிப் போகிற பாதை. அதற்கு அரசாங்கத்திடம் பணம் எப்படிக் கேட்பது, யாரிடம் கேட்பது, எந்த மாதத்தில் கேட்பது என்பதுதான் இன்றைய விஷயம்.

தோட்டத்தில் ஒரு நாளைக்கு எத்தனை நடை நடக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். பிரட்டுக்கு ஒரு நடை. பிள்ளைக் காம்பராவுக்கு ஒரு நடை. மலைக்கு, கொழுந்து மடுவத்துக்கு, கடைக்கு, டிஸ்பென்சரிக்கு என்று எல்லாமே கால்நடைதான். 1977 முதல் தோட்டப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றது. ஆனாலும் பல டிவிஷன்களில் பாடசாலை 5ஆம் வகுப்போடு நின்றுவிடுகிறது. 6ஆம் வகுப்புக்கு மேலே படிக்கிற பிள்ளை ரோட்டுக்கு இறங்கித்தான் ஆக வேண்டும். மழைக்காலத்தில் அந்தப் பாதை வழுக்கினால் பிள்ளை அன்றைக்கு வீட்டில் நின்றுவிடும். அப்படி நின்ற நாட்கள் கூடக் கூட, ஒரு நாள் படிப்பே நின்றுவிடும். நோயாளியையும் பிள்ளைத்தாய்ச்சியையும் கம்பளியில் தூக்கிப் போவதும் இதே பாதையில்தான். ஆகவே பாதை என்பது சில்லறை விஷயமல்ல.

"நடக்கிற பாதைக்கெல்லாம் யாருங்க காசு தரப்போறாங்க?" என்று சிலர் கேட்கிறார்கள். தருகிறார்கள். அதுவும் நம்முடைய மலைகளிலேயே தந்திருக்கிறார்கள். ஹந்தானையில் தேயிலை நூதனசாலை இருக்கும் இடத்தில் தொடங்கி, கலஹா, லூல்கந்துர, அட்டன், அப்புத்தளை, எல்ல என்று சுற்றி நுவரெலியாவில் முடிகிற ஒரு நடைப் பயணப் பாதை இருக்கிறது. பீக்கோ டிரெயில் என்று பெயர். 300 கிலோமீற்றருக்கும் மேலே, 22 கட்டங்கள். அதை உருவாக்க ஐரோப்பிய ஒன்றியமும், அந்நாளில் இயங்கிய அமெரிக்க யு.எஸ்.எய்ட் நிறுவனமும் பணம் கொடுத்தன. லூல்கந்துர எந்த இடம் என்று உங்களுக்குத் தெரியும். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்ட தோட்டம். வெளிநாட்டார் இன்று பை மாட்டிக்கொண்டு நடக்கிற அந்தப் பாதைகளில் பெரும்பகுதி, நம்முடைய பாட்டன் பூட்டன் காலத்தில் வெட்டப்பட்ட தோட்ட ரோட்டும் குறுக்குப் பாதையும்தான்.

கண்டி நகரத்தையும் பாருங்கள். கண்டிக்கும் காலிக்குமான நகர அபிவிருத்தித் திட்டத்துக்கு 2014இல் உலக வங்கி கடன் கொடுத்தது. வாகனப் போக்குவரத்தோடு, நடந்து போகிறவர்களின் வசதியும் அந்தத் திட்டத்தில் சேர்ந்திருந்தது.

இதையெல்லாம் பொறாமையில் சொல்லவில்லை. சுற்றுலாக்காரருக்கும் நகரத்தாருக்கும் நடக்கப் பணம் கிடைத்தது எப்படி என்று பார்க்க வேண்டும். அவர்களிடம் வரைபடம் இருந்தது. எத்தனை கிலோமீற்றர் என்ற கணக்கு இருந்தது. எவருடைய காணி வழியாகப் போகிறது என்ற விபரம் இருந்தது. நம்மிடம் பாதை இருக்கிறது, கடதாசி இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

நமது சங்கங்கள் எழுதும் கடிதங்கள் பலவற்றை நாம் பார்த்திருக்கிறோம். "எமது ரோட்டு மிகவும் பழுதடைந்துள்ளது. மக்கள் பெரும் சிரமப்படுகிறார்கள். தயவுசெய்து செப்பனிட்டுத் தருமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறோம்." கீழே 150 கையெழுத்து. ஒரு தோட்டத்தில் இப்படி எழுதிய கடிதம் பிரதேச சபைக்குப் போனது. "இது தோட்டத்து ரோட்டு, துரையிடம் கேளுங்கள்" என்று பதில் வந்தது. துரையிடம் கொடுத்தால், "இது பொதுமக்கள் பாவிக்கிற ரோட்டு, சபையிடம் கேளுங்கள்" என்றார்கள். இப்படி ஒரு கந்தோருக்கும் இன்னொரு கந்தோருக்கும் இடையில் அந்தக் கடிதம் இரண்டு வருடம் நடந்தது. மக்களும் அதே சேற்றில் நடந்தார்கள். அந்தக் கடிதத்தில் கஷ்டம் எழுதப்பட்டிருந்தது. ரோட்டு யாருடையது என்று எழுதப்படவில்லை.

ஆகவே முதலாவது வேலை, பாதையின் சொந்தக்காரரைக் கண்டுபிடிப்பது.

இலங்கையில் ஏ, பி என்று இலக்கம் போட்ட பெரிய வீதிகள் வீதி அபிவிருத்தி அதிகார சபைக்குரியவை. சி, டி வீதிகள் மாகாண சபையின் வீதிப் பிரிவுக்குரியவை. கிராமத்து வீதிகள் பிரதேச சபைக்குரியவை. தோட்டத்துக்குள் இருக்கிற ரோட்டும் குறுக்குப் பாதையும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருக்கின்றன. பெரும்பாலும் காணி அரசாங்கத்தினுடையது, கம்பனி அதைக் குத்தகைக்கு வைத்திருக்கிறது. கண்டி மாவட்டத்தில் ஜனவசம, அரச பெருந்தோட்டக் கூட்டுத்தாபனம், எல்கடுவ பெருந்தோட்டக் கம்பனி என்று அரசாங்கமே நடத்துகிற தோட்டங்களும் இருக்கின்றன. உங்கள் பாதையில் முதல் அரை மைல் பிரதேச சபைக்கும், மிச்சம் தோட்டத்துக்கும் உரியதாக இருக்கலாம். எல்லை எந்த இடத்தில் என்று கிராம உத்தியோகத்தரிடமும் தோட்டக் கந்தோரிலும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

"தோட்டத்துக்குள்ளே பிரதேச சபை ஒரு ரூபாய்கூடப் போட முடியாது, சட்டம் அப்படி" என்று நமக்கு வருடக்கணக்காகச் சொல்லிவந்தார்கள். 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கப் பிரதேச சபைகள் சட்டத்தில் 33ஆம் பிரிவைத்தான் அதற்குக் காட்டுவார்கள். சபைக்கு வாக்குப் போடுவோம், ஆனால் சபையின் கொங்கிரீட் தோட்டத்து எல்லையோடு நின்றுவிடும். 2018இல் அந்தச் சட்டம் திருத்தப்பட்டது. தோட்ட நிர்வாகத்தோடு கலந்து பேசி, தோட்டக் குடியிருப்புகளுக்கும் பிரதேச சபை வேலை செய்ய வழி திறந்தது. இன்றைக்கும் யாராவது "முடியாது" என்றால், "2018இல் திருத்தம் வந்திருக்குதுங்க ஐயா" என்று மரியாதையாகச் சொல்லுங்கள். சண்டை வேண்டாம். சட்டம் நம் பக்கம் இருக்கும்போது சத்தம் போடத் தேவையில்லை.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். 2023 மார்ச்சுக்குப் பிறகு சபைகளில் மக்கள் தெரிவு செய்த உறுப்பினர்கள் இருக்கவில்லை. செயலாளர்மார்தான் நடத்தினார்கள். 2025 மே 6ஆம் திகதி தேர்தல் நடந்து, திரும்பவும் உறுப்பினர்கள் வந்திருக்கிறார்கள். உங்கள் வட்டாரத்துக்கு ஒரு உறுப்பினர் இருக்கிறார். அவர் எந்தக் கட்சி என்று பார்க்காமல் பாதையைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். மழை நாளில் காட்டினால் இன்னும் நல்லது.

இரண்டாவது வேலை, அளப்பது.

ஒரு கயிறு, ஒரு கொப்பி, இரண்டு இளைஞர்கள் போதும். பாதை எத்தனை மீற்றர் நீளம், எத்தனை அடி அகலம், எந்த இடத்தில் வழுக்குகிறது, எந்த இடத்தில் கான் உடைந்திருக்கிறது, எத்தனை இடத்தில் பாலமோ போக்கோ வேண்டும் என்று எழுதுங்கள். பிறகு ஒரு வேலை நாளில் காலை 6 மணி முதல் 8 மணி வரை ஒருவர் பாதையோரம் நின்று எண்ண வேண்டும். தொழிலாளர் எத்தனை பேர், பாடசாலைப் பிள்ளைகள் எத்தனை பேர், வயசாளிகள் எத்தனை பேர். பின்னேரமும் அப்படியே எண்ணுங்கள். "மக்கள் பெரும் சிரமப்படுகிறார்கள்" என்ற ஒரு வரியைவிட, "தினமும் காலையில் 86 பிள்ளைகள் இந்த வழியால் போகிறார்கள்" என்ற வரிக்குப் பலம் அதிகம். எண்ணிக்கை உண்மையாக இருக்க வேண்டும். கூட்டி எழுதினால், வந்து பார்க்கிறவர் அடுத்த கடிதத்தை நம்பமாட்டார்.

அளந்தால் இன்னொரு நன்மையும் உண்டு. எவ்வளவு கேட்பது என்று தெரியும். ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 400 மீற்றர் குறுக்குப் பாதை. மூன்றடி, அதாவது 90 சென்ரிமீற்றர் அகலம். 10 சென்ரிமீற்றர் தடிப்பில் கொங்கிரீட். பெருக்கினால் 36 கன மீற்றர் வரும். ஒரு கன மீற்றருக்கு ஏறத்தாழ 6 மூடை சீமெந்து என்று வைத்தால் 216 மூடை. கல், மணல், மலைக்கு மேலே சுமந்து போகிற கூலி எல்லாம் தனி. இப்போது அதே பாதையில் உண்மையிலேயே ஆபத்தான இடம் 60 மீற்றர்தான் என்று வையுங்கள். அதற்கு 33 மூடை போதும். 216 மூடையை ஒரே வருடத்தில் கேட்டால் பைல் அடியில் போய்விடும். 33 மூடையைக் கேட்டால் சபை தன் சின்னச் செலவுக்குள்ளேயே அடக்கிவிடலாம். மிச்சத்தை அடுத்த வருடம் கேட்போம். ஏறுகிறவன் ஒவ்வொரு படியாகத்தான் ஏறுவான்.

கேட்கும்போது எது வேண்டும் என்றும் தெரிந்து கேளுங்கள். சரிவில் வெறும் கொங்கிரீட்டைத் தேய்த்து விட்டால் பாசி பிடித்து மண்ணைவிட மோசமாக வழுக்கும். மேல்பக்கத்தை விளக்குமாற்றால் கீறி விடச் சொல்லுங்கள். செங்குத்தான இடத்தில் படிக்கட்டு வேண்டும். ஒரு படி ஆறங்குல உயரத்துக்கு மேலே போனால் கொழுந்துக் கூடையோடு ஏறுகிற அம்மாவுக்கும், சின்னப் பிள்ளைக்கும் கஷ்டம். படிக்கட்டின் ஓரத்தில் ஆறங்குல அகலத்துக்கு ஒரு வழுவழுப்பான சரிவுப் பட்டி விட்டால் சைக்கிளையும் தள்ளுவண்டியையும் உருட்டிக்கொண்டு போகலாம். பள்ளப் பக்கம் கைப்பிடிக் கம்பி. மேட்டுப் பக்கம் கான். இதில் கானை மட்டும் விட்டுவிடாதீர்கள். நம் மலையில் பாதையை உடைப்பது காலல்ல, தண்ணீர்தான்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது மண்சரிவையும் பேச வேண்டும். 2025 நவம்பர் கடைசியில் வந்த டித்வா புயலில் மலைநாடு பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். கண்டி மாவட்டத்திலும் மண்சரிவில் ஏராளமான உயிர்கள் போயின. சரிவான இடத்தில் மண்ணை வெட்டிப் பாதை போடும் முன்பு தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் ஆலோசனையை சபை மூலமாகக் கேளுங்கள். மண்சரிவு அபாய மாவட்டங்களில் அந்த நிறுவனத்தின் அறிக்கைக்கு மதிப்பு உண்டு. அவர்கள் "இங்கே வெட்டாதீங்க" என்றால் பாதையை மாற்றுவோம். பாதைக்காக லயத்தை இழக்க முடியாது.

மூன்றாவது வேலை, கடிதம்.

ஒரு பக்கத்துக்கு மேலே போக வேண்டாம். பாதையின் பெயர், தொடங்கும் இடம், முடியும் இடம், நீளம், பாவிக்கிறவர் தொகை, இந்த வருடம் கேட்கும் வேலை. இவ்வளவும் போதும். அதோடு நான்கு கடதாசி இணைக்க வேண்டும். ஒன்று, கையால் வரைந்த படம். இரண்டு, மூன்று நான்கு போட்டோ. மூன்று, சங்கக் கூட்ட அறிக்கையின் பிரதி. நான்காவதுதான் முக்கியம்: "இந்தப் பாதையில் இந்த வேலையைச் செய்ய எமக்கு ஆட்சேபனை இல்லை" என்று தோட்ட நிர்வாகம் எழுதிக் கையெழுத்துப் போட்ட கடிதம். இது இல்லாமல் போனதால்தான் எத்தனையோ விண்ணப்பம் திரும்பியிருக்கிறது. துரை வாயால் "சரி" என்றால் போதாது. துரை மாறுவார், கடதாசி மாறாது.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதுங்கள். அரச கந்தோரோடு தமிழில் தொடர்புகொள்ளவும் தமிழில் பதில் பெறவும் அரசியலமைப்பின் 22ஆம் உறுப்புரை நமக்கு உரிமை தந்திருக்கிறது. "சிங்களத்தில் எழுதத் தெரியாது" என்று எவரும் பேசாமல் இருக்கத் தேவையில்லை. சிங்களத்தில் ஒரு பிரதியும் சேர்த்துக் கொடுத்தால் வேலை விரைவாக நடக்கும், அது புத்தி. ஆனால் கட்டாயமில்லை.

கடிதத்தைப் பிரதேச சபைத் தவிசாளருக்கு முகவரியிடுங்கள். செயலாளருக்கும், வட்டார உறுப்பினருக்கும், பிரதேச செயலகத்துக்கும், தோட்ட நிர்வாகத்துக்கும் பிரதி கொடுங்கள். ஒரு கந்தோரில் பணம் இல்லாவிட்டாலும் இன்னொரு கந்தோரின் திட்டத்தில் இடம் இருக்கலாம்.

காலம் முக்கியம். அடுத்த வருடத்து வரவு செலவுத் திட்டத்தை சபை டிசம்பர் முடிவதற்குள் நிறைவேற்ற வேண்டும். ஆகவே நமது கடிதம் செப்டம்பரிலேயே சபையில் இருக்க வேண்டும். ஜனவரியில் போய் நின்றால், பானையைக் கழுவிக் கவிழ்த்த பிறகு சோறு கேட்ட கதைதான்.

நான்காவது வேலை, பின்தொடர்வது.

கடிதத்தைக் கொடுக்கும்போது பிரதியில் திகதி முத்திரை வாங்குங்கள். அந்தப் பிரதி செயலாளரின் வீட்டில் அல்ல, சங்கத்தின் பைலில் இருக்கட்டும். இரண்டு மாதத்தில் பதில் இல்லையா? தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம், 2017 பெப்ரவரி 3 முதல் நடைமுறையில் இருக்கிறது. "எமது கடிதத்துக்கு என்ன நடந்தது? இந்த வருடம் எந்தெந்தப் பாதைக்கு எவ்வளவு ஒதுக்கப்பட்டது?" என்று சபையின் தகவல் அதிகாரியிடம் கேட்கலாம். தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் அவர் சொல்ல வேண்டும். எழுத முடியாதவர் வாயால் சொன்னாலும் அதிகாரி எழுதிக்கொள்ள வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. கேள்வி கேட்பது குற்றமல்ல. கேட்கிற சங்கத்தின் பைல்தான் மேலே இருக்கும்.

பணம் ஒதுக்கப்பட்டால், சின்ன வேலைகளைப் பதிவுசெய்யப்பட்ட ஊர்ச் சங்கத்திடமே ஒப்பந்தமாகக் கொடுக்க அரச கொள்முதல் விதிகளில் இடமுண்டு. அதற்குச் சங்கம் ஒழுங்காக இருக்க வேண்டும். பதிவு, வங்கிக் கணக்கு, வருடாந்தக் கூட்டம், கணக்குப் புத்தகம். நம் பிள்ளைகளே மேசன் வேலை செய்வார்கள், கூலியும் தோட்டத்திலேயே நிற்கும். கணக்குப் புத்தகம் இல்லாத சங்கத்துக்கு இந்தக் கதவு திறக்காது.

இனி சைக்கிளைப் பற்றி ஒரு வார்த்தை. "இந்த மேட்டிலே சைக்கிளா?" என்று சிரிப்பீர்கள். மேல் மலைக்கு அது சரிவராது என்பது உண்மைதான். ஆனால் குண்டசாலை, திகன பக்கமும், கம்பளைக்கும் நாவலப்பிட்டிக்கும் இடையில் ஆற்றோரமாகவும் சமதரையான ரோட்டு இருக்கிறது. 2022இல் பெற்றோல் இல்லாமல் நாடே நின்றபோது சைக்கிளின் அருமை எல்லோருக்கும் தெரிந்தது. தமிழ்நாட்டில் புதுக்கோட்டை மாவட்டத்தில் 1990களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, ஷீலா ராணி சுங்கத் என்ற கலெக்டர் அம்மா, கிராமத்துப் பெண்களை சைக்கிள் பழகச் சொல்லி ஊக்கப்படுத்தினார். வங்கிக் கடனுக்கும் வழி செய்தார். இலட்சத்துக்கும் அதிகமான பெண்கள் பழகினார்கள். கல்லுடைக்கிறவர்களும் வயலில் வேலை செய்கிறவர்களும் அதில் இருந்தார்கள். இந்தியாவின் பீகார் மாநிலத்தில் 2006 முதல் 9ஆம் வகுப்புக்குப் போகும் பெண்பிள்ளைகளுக்கு சைக்கிள் வாங்கப் பணம் கொடுத்தார்கள். கார்த்திக் முரளிதரன், நிஷித் பிரகாஷ் என்ற ஆய்வாளர்கள் கணக்குப் பார்த்தபோது, உயர் வகுப்பில் சேர்ந்த பெண்பிள்ளைகளின் தொகை ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கூடியிருந்தது. பாடசாலை 3 கிலோமீற்றருக்கு அப்பால் இருந்த ஊர்களில்தான் பலன் அதிகம். அது நம்முடைய தூரம்தான். ஆகவே ரோட்டோரத் தோட்டங்கள் பாதைக்கு எழுதும்போது, பிள்ளைகள் சைக்கிளை மேலே உருட்டிக்கொண்டு போகத் தேவையில்லாமல், பெரிய ரோட்டுச் சந்தியில் கூரை போட்ட ஒரு சைக்கிள் நிறுத்தும் இடத்தையும் சேர்த்துக் கேட்கலாம். செலவு குறைவு, பயன் பெரிது.

கடைசியாக ஒன்று. பணம் கொடுக்கிறவர் எவரும் ஒரு கேள்வி கேட்பார்: "போட்டுத் தந்தால் யார் பார்த்துக்கொள்வது?" கடிதத்திலேயே பதில் எழுதிவிடுங்கள். "ஒவ்வொரு லயத்திலிருந்தும் மாதம் ஒரு முறை ஒருவர் வந்து கான் சுத்தம் செய்வார்கள். பொறுப்பு இன்னார்." எழுதியபடி செய்யவும் வேண்டும். இலையும் மண்ணும் அடைத்த கான் ஒரே மழையில் புதுப் பாதையைக் கொண்டுபோய்விடும். அரசாங்கம் ஒரு தடவைதான் போடும், காப்பாற்றுவது நாம்தான்.

இன்றைக்கு வீட்டுக்குப் போனதும் எல்லாவற்றையும் தொடங்க வேண்டாம். இந்த மாதத்தில் ஒரே ஒரு பாதையைத் தெரிவு செய்யுங்கள். எந்தப் பாதை என்று ஆண்கள் மட்டும் கூடி முடிவெடுக்காதீர்கள். கொழுந்துக் கூடையோடு நடக்கிற பெண்களையும், பிள்ளைகளைக் கூட்டிப் போகிற பாட்டிமாரையும் கேளுங்கள். கால் எங்கே வழுக்குகிறது என்று அவர்களுக்குத்தான் தெரியும். அடுத்த மாதம் அளந்து எண்ணுங்கள். அதற்கடுத்த மாதம் தோட்டக் கந்தோரில் ஆட்சேபனையின்மைக் கடிதத்தை வாங்குங்கள். கடிதம் எழுத உதவி வேண்டுமானால், உங்கள் தோட்டத்துக்கு வருகிற எமது உத்தியோகத்தரிடம் கொப்பியைக் காட்டுங்கள். சேர்ந்து எழுதுவோம்.

நம் முன்னோர்கள் இந்த மலையில் பாதை வெட்டினார்கள். அந்தப் பாதையில் வழுக்காமல் நடக்க நமக்கு உரிமை இருக்கிறது. அதைக் கடதாசியில் எழுதி, அளவு போட்டு, திகதி போட்டுக் கேட்போம்.